மார்கழிக் கோலம் ஒன்று: ரா ஃபைலிலிருந்து அச்சுப் படம் வரை

போட்டோ எடிட்டிங் பழக நல்ல பாடம் வேண்டுமென்றால் மார்கழி மாதத்து வாசல் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாணம் தெளித்த ஈரத் தரை கருப்பு, கோலமாவு வெள்ளை, பூசணிப்பூ மஞ்சள், விடியாத வானம் நீலம், தெருவிளக்கு தன் பங்குக்கு இன்னொரு நிறம். கேமரா எங்கெங்கே ஏமாறுமோ அதெல்லாம் பத்தடி வாசலுக்குள் இருக்கிறது. இந்த ஒரு படத்தை ஒழுங்காக முடிக்கத் தெரிந்தவருக்குக் கல்யாண மண்டபமும் கோயில் பிரகாரமும் அவ்வளவு சிரமம் தராது.

மென்பொருள் டார்க்டேபிள் என்று வைத்துக்கொள்வோம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைட்ரூம் பயன்படுத்துகிறவர்களுக்கும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான், பொத்தான்களின் பெயர் மட்டும் மாறும்.

அந்த வரிசைதான் முக்கியம். படத்தைத் திறந்ததும் நிறத்தைக் கூட்டுவது, அது இருட்டாகத் தெரிகிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டுவது, வெளிச்சம் கூடியதும் நிறம் வெளுக்க மறுபடி நிறத்தைக் கூட்டுவது. இப்படி நாலு சுற்று போனால் கோலத்தின் வெள்ளையில் நீலம் ஏறியிருக்கும், மனிதர்கள் ஆரஞ்சுப் பழத்தின் நிறத்தில் இருப்பார்கள். எந்தச் சுற்றில் கெட்டது என்று தேடினாலும் கிடைக்காது.

எடுக்கும்போதே பாதி வேலை

கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் வேண்டாம், சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். விடியற்காலை வானத்தில் கருநீலம் மெல்ல மெல்ல வெளிறி வரும் அல்லவா, அந்த இடத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜேபெக்கை எடுத்து வானத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும், படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி வரை வரும். 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 2000 படம் பிடிக்கும் என்பதால் இடப் பற்றாக்குறை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மார்கழியில் சென்னையில் சூரிய உதயம் 6.20க்கும் 6.35க்கும் நடுவில் வரும். அதற்கு முந்தைய இருபது நிமிடத்தில் வானத்தின் வெளிச்சமும் வாசல் விளக்கின் வெளிச்சமும் ஓரளவு சமமாக நிற்கும். அதற்கு முன்னால் வானம் வெறும் கருப்பு. உதயத்துக்குப் பிறகு விளக்கு இருப்பதே தெரியாது.

35 அல்லது 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் லென்ஸ் துளையை எஃப் 2.8இல் வைத்து, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200 வரை போகலாம். கேமராவோடு வந்த 18–55 லென்ஸ் மட்டும்தான் கையில் என்றால் ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றுங்கள். நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்) வந்த படத்தைப் பிறகு தேற்றிவிடலாம், ஆடிப்போன படத்தைத் தேற்ற வழியில்லை.

ஷட்டர் வேகத்தை 1/125 வினாடியில் வைக்காதீர்கள், 1/100இல் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு விலை எல்இடி பல்பும் வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், ஷட்டர் அதைவிட வேகமாகும்போது படத்தில் கிடைமட்டப் பட்டைகளாக விழும். 1/100 என்றால் ஒரு மினுக்கல் முழுதாக உள்ளே வந்துவிடும், பட்டை விழாது. அசையாத கோலத்துக்கு 1/50 போதும். மாவு விடும் கை கொஞ்சம் கலங்கித் தெரிய வேண்டுமென்றால் 1/30.

அடுத்தது கருப்புத் தரை. கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடும். சட்டகத்தில் பெரும்பகுதி ஈரத் தரை என்றால், ‘இது இருட்டாக இருக்கிறது’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தரை சாம்பல் பூத்துப்போகும், மாவுக் கோடு வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3க்கு இறக்குங்கள். வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் சட்டகத்தை நிறைக்கும்போது இதற்கு நேர்மாறு, பிளஸ்ஸில் வைக்க வேண்டும்.

படத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை வெள்ளை வரைபடம் ஏமாற்றும். சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவின் மேல் மஞ்சள் விளக்கு விழும்போது சிவப்புச் சேனல் மட்டும் முதலில் உச்சத்தைத் தாண்டி வழியும். ஒற்றை வரைபடமோ எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூவில் இதழ் நரம்பு ஒன்றுகூட இருக்காது, மஞ்சள் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல் தெரியும். காயப்போட்ட மிளகாய் வற்றல், செம்பருத்தி, சிவப்புப் பட்டுப்புடவை எல்லாவற்றிலும் இதே சிக்கல் வரும். கேமராத் திரையின் வரைபடம் அதன் உள்ளேயே தயாராகும் ஜேபெக்கை வைத்து வரைவது என்பதால் ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அதை நம்பி வழியவிடாதீர்கள்.

ஃப்ளாஷ் வேண்டாம். கோலம் போடுகிறவரிடம் முதலில் கேளுங்கள்: “அக்கா, கோலத்தை ஒரு படம் எடுத்துக்கலாமா?” “கோலத்தை மட்டும் எடுத்துக்கோங்க” என்று பதில் வந்தால் கோலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு க்ராப் பண்ணிக்கொள்ளலாம் என்று அவரையும் சேர்த்து எடுப்பது முறையல்ல.

திரையைச் சரிசெய்யாமல் தொடங்காதீர்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, கெடுதல் தொடங்குவதோ இங்கேதான். லேப்டாப்பில் நைட் லைட் ஓடுகிறதா என்று பாருங்கள். பொழுது சாய்ந்ததும் தானாகவே திரையை மஞ்சளாக்கும் அந்த வசதி ஓடிக்கொண்டிருக்கும்போது நிறம் திருத்தினால், மஞ்சளைக் குறைக்கிறேன் என்று படம் முழுக்க நீலத்தை ஏற்றிவிடுவீர்கள். காலையில் திறந்து பார்த்தால் கோலம் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும்.

திரையின் வெளிச்சத்தை முழுதாக வைக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அறை வெளிச்சத்தில் தாள் தெரிகிற அளவுக்கே திரையின் வெள்ளையும் தெரிய வேண்டும். பெரும்பாலான லேப்டாப்பில் இது பாதிக்குச் சற்று மேலே வரும். திரை கண்ணைக் கூசுகிற அளவு பளிச்சென்று இருந்தால் படம் பளிச்சென்று இருப்பதாக நினைத்து இருட்டாகவே விட்டுவிடுவீர்கள், அச்சு கருகி வரும். ‘லேப்காரன் கெடுத்துட்டான்’ என்ற புகாரில் பாதி இந்த வகை. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. போன் திரையில் திருத்துகிறவர்கள் டிஸ்ப்ளே அமைப்பில் விவிட் என்று இருப்பதை நேச்சுரல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கழித்தல்

கார்டிலிருந்து படங்களை ‘2025-12-20_மார்கழி’ என்பது போல் தேதி முன்னால் வரும் ஃபோல்டரில் போடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசையாக அடுக்கும். வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி போனபிறகே கார்டைத் தொடவேண்டும், அதையும் கேமராவில் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள்.

டார்க்டேபிளில் ஃபோல்டரை இறக்கியதும் லைட்டேபிள் பக்கம் வரும். முதல் சுற்றில் ஒரே வேலை: ஃபோகஸ் தவறியது, ஆடியது, கண் மூடியது ஆகியவற்றுக்கு ஆர் விசையை அழுத்திக் கழித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சிறிதாகப் பார்க்கும்போது எல்லாப் படமும் கூர்மைதான். இரண்டாவது சுற்றில் பிடித்ததற்கு ஒரு நட்சத்திரம், எண் 1 விசை. மூன்றாவதில் அவற்றுக்குள் இரண்டு நட்சத்திரம். 150 படம் எடுத்திருந்தால் கடைசியில் நாலோ ஐந்தோ நிற்கலாம். அது போதும். பதினைந்து படத்தை அரைகுறையாகத் திருத்துவதைவிட ஒன்றை முழுதாகத் திருத்தினால்தான் கை பழகும்.

எடுத்த அன்றே கழிக்க உட்கார்ந்தால் கை வராது. குளிரில் நாலரைக்கு எழுந்து போன உழைப்பு அத்தனை படத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் போகட்டும்.

ரா ஃபைலைத் திறந்ததும் வரும் ஏமாற்றம்

கேமராத் திரையில் அழகாக இருந்த படம் இங்கே மங்கி, சோகை பிடித்தாற்போல் தெரியும். எதுவும் கெடவில்லை. கேமராத் திரை காட்டியது கேமராவே சமைத்துப் பரிமாறிய ஜேபெக். இது சமைக்காத அரிசி. கான்ட்ராஸ்ட், நிறம், கூர்மை எல்லாம் இனி நீங்கள் சேர்க்க வேண்டியவை.

இன்னொரு செய்தி: நீங்கள் எந்த மாடியூலை (ஒரு வேலைக்கான கருவிப் பெட்டியை) முதலில் தொட்டாலும் டார்க்டேபிள் உள்ளே தன் நிலையான வரிசைப்படியே கணக்கிடும். கீழே சொல்லும் வரிசை மென்பொருளுக்காக அல்ல, உங்கள் கண்ணுக்காக. பெரிய முடிவுகள் முதலில், சின்ன முடிவுகள் பின்னால்.

சாய்வும் க்ராப்பும். லென்ஸ் கரெக்‌ஷனைப் போட்டுவிட்டு, ரொடேட் அண்ட் பெர்ஸ்பெக்டிவ் மாடியூலில் வாசல் நிலையை நிமிர்த்துங்கள். நிலைக்கால் ஒரு டிகிரி சாய்ந்தாலும் வீடே சாய்ந்ததாகத் தெரியும். க்ராப் செய்யும்போது கோலத்தின் வெளிப்புள்ளிகளை வெட்டாதீர்கள். முழுக் கோலம் வேண்டும், இல்லையென்றால் துணிந்து நடுவுக்குள் போக வேண்டும். ஓரத்தில் இரண்டு புள்ளி மட்டும் போனால் தவறி வெட்டுப்பட்டதாகத்தான் தோன்றும். மேலே வானத்துக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அச்சுப் போடும் எண்ணம் இருந்தால் எந்த அளவு என்பதை இப்போதே முடிவுசெய்து அந்த விகிதத்திலேயே வெட்டுங்கள். 4க்கு 6, 8க்கு 12 இரண்டும் கேமராவின் 3:2 விகிதத்தோடு பொருந்தும். 8க்கு 10 பொருந்தாது, இருபுறமும் கொஞ்சம் போகும்.

எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்). ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். இந்தக் கட்டத்தில் வெள்ளை மாவையும் விளக்கையும் பார்க்காதீர்கள். தரை, முகம், சுவர் ஆகிய நடுத்தர இடங்கள் சரியான அளவுக்கு வரும்வரை எக்ஸ்போஷரை நகர்த்துங்கள், 0.5 முதல் 1 வரை தேவைப்படலாம். விளக்கு வழிந்து தெரிந்தால் தெரியட்டும், அடுத்த மாடியூல் அதை இழுத்துப் பிடிக்கும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் தூக்க வேண்டியிருந்தால் எடுக்கும்போதே இருட்டாக எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். நாய்ஸும் கூடவே ஏறும்.

ஒன்று கவனம்: இது விடியற்காலைப் படம். தரை ஈரமாகவும் கருப்பாகவும்தான் இருந்தது. எல்லாமே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தூக்கினால் காலை ஒன்பது மணிப் படமாகிவிடும்.

சிக்மாய்ட். வெளிச்சத்தின் அகன்ற வீச்சைத் திரைக்குள் அடக்கித் தரும் மாடியூல் இது. கான்ட்ராஸ்ட் 1.5இல் இருக்கும். மூடுபனிக் காலையென்றால் 1.3 போதும், அழுத்தம் வேண்டுமென்றால் 1.8. இதே வேலையைச் செய்யும் ஃபில்மிக் என்ற மாடியூலும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். போட்டால் படம் பழைய நாளிதழ் போல் வெளிறும்.

வெள்ளை எது என்ற கேள்வி

எக்ஸ்போஷர் ஒரே எண், ஐந்து நிமிடத்தில் கை வந்துவிடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வைட் பேலன்ஸ் அப்படியல்ல. பல வருடம் எடுத்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மெழுகுவர்த்தி, பழைய குண்டு பல்பு போன்ற மஞ்சள் வெளிச்சத்துக்குக் கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) குறைவு: குண்டு பல்பு 2700 அளவில். நண்பகல் 5500 அளவில். நிழல் 7000க்கு மேல். விடியலுக்கு முந்தைய நீலம் அதற்கும் மேல். அப்படியானால் ஸ்லைடரில் எண்ணைக் கூட்டினால் படம் நீலமாக வேண்டுமே, ஏன் மஞ்சளாகிறது? ஸ்லைடரில் நீங்கள் சொல்வது ‘அங்கே இருந்த வெளிச்சம் இவ்வளவு நீலம்’ என்று. மென்பொருள் அந்த நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. இது புரிந்துவிட்டால் எந்தப் பக்கம் இழுப்பது என்ற தடுமாற்றம் போய்விடும்.

டார்க்டேபிளில் வைட் பேலன்ஸ், கலர் கேலிபரேஷன் என்று இரண்டு மாடியூல்கள். முதலாவதைக் கேமரா ரெஃபரன்ஸிலேயே விட்டுவிட்டு இரண்டாவதில் மட்டும் வேலை செய்யுங்கள். இரண்டையும் தொட்டால் நிறத் திருத்தம் இரண்டு முறை ஏறும், மாடியூலின் மேல் சிவப்பு எச்சரிக்கை வரும். அதைப் பார்த்தும் பாராமல் தாண்டிவிட்டு ‘டார்க்டேபிளில் நிறமே சரியில்லை’ என்று விட்டுப்போனவர்கள் நிறைய.

இப்போது படத்துக்கு வருவோம். நிறத்தைத் தொட்டு எடுக்கும் பிக்கரை எடுத்து, வாசல் விளக்கின் வெளிச்சம் விழும் மாவுக் கோட்டின் மேல் வைத்தால் கோலம் பால் வெள்ளையாகிவிடும். ஆனால் அதே நொடியில் வானம் பேனா மை மாதிரி நீலமாகும், தரையின் ஓரங்களில் ஊதா ஏறும். காரணம் எளிது: சட்டகத்தில் இரண்டு வகை வெளிச்சம், நீங்கள் சரிசெய்தது ஒன்றை மட்டும். வானத்தின் பக்கம் இருக்கும் மாவில் பிக்கரை வைத்தால் எதிர்ப்பக்கம் கெடும், வாசற்படி முழுக்க மஞ்சள் குளிக்கும்.

இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கின் பக்கம் 3200, வானத்தின் பக்கம் 8000 என்று வந்தால் நடுவில் 4500 போல ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். கோலத்தின் விளக்குப் பக்கம் இலேசாக மஞ்சள், தெருப் பக்கம் இலேசாக நீலம். அந்த நேரத்தில் அந்த வாசலில் நின்றவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். மாவு சுத்த வெள்ளையாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பச்சரிசி மாவுக்கே கொஞ்சம் பழுப்பு உண்டு, கல்மாவுதான் பளீர் வெள்ளை.

எல்இடி வெளிச்சத்தில் முகத்தில் பச்சை தட்டினால் கெல்வினை மாற்றிப் பயனில்லை. பச்சைக்கு எதிரான மெஜந்தா பக்கம் நிறத்தைக் கொஞ்சம் தள்ளுங்கள்.

தெருவில் இன்னும் பழைய சோடியம் விளக்கு எரிந்தால்? அதன் வெளிச்சத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமே மிகுதி, மற்ற நிறங்கள் மிகக் குறைவு. பச்சைப் புடவையையும் சிவப்புப் புடவையையும் அதன் கீழே பிரித்தறிவது கடினம். பதிவாகாத நிறத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுங்கள். கோலம் கருப்பு வெள்ளையில் தோற்பதேயில்லை.

இடம் பார்த்துத் திருத்துதல்

மொத்தப் படமும் ஓரளவு அமைந்தபிறகே இது. டோன் ஈக்வலைசரில் நிழல் பகுதியை அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை தூக்கலாம், விளக்கைச் சுற்றிய பகுதியை அரை ஸ்டாப் இறக்கலாம். அதற்கு மேல் போனால் கூரையின் விளிம்பும் வானமும் சேரும் இடத்தைப் பாருங்கள்: கூரையைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் ஒன்று தோன்றும். சாமி படத்துக்குச் சரி, ஓட்டுக் கூரைக்கு எதற்கு? வட்டம் தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள்.

எக்ஸ்போஷர் மாடியூலின் இன்னொரு பிரதியைப் போட்டு, திருத்தம் விழ வேண்டிய எல்லையைக் காட்டும் நீள்வட்ட மாஸ்க் வரைந்து, கோலத்தை மட்டும் 0.3 தூக்கலாம். மாஸ்க்கின் ஃபெதர் (ஓரம் மெல்லக் கரையும் பகுதி) அகலமாக இருக்க வேண்டும். ஓரம் எங்கே என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு. அதே போல மூலைகளை 0.3 இறக்கினால் கண் தானாக நடுவுக்குப் போகும். இதில் கம்ப்யூட்டர் வித்தை எதுவும் கிடையாது. இருட்டறையில் அச்சுப் போட்டவர்கள் காகிதத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கையால் வெளிச்சத்தை மறைத்தும் மற்றொரு பகுதிக்குக் கூடுதலாகக் காட்டியும் செய்துவந்ததுதான். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த நிலவுப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிற்கால அச்சுகளில் வானம் மேலும் மேலும் கருத்துக்கொண்டே போனது. நெகட்டிவ் ஒன்றுதான்.

முகம் தெரியும் படமென்றால் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தை வெளுப்பாக்குவது திருத்தம் ஆகாது. நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கலாம், தோலின் நிறத்தை மாற்றக் கூடாது. இரண்டுக்கும் வேறுபாடு தெரிய, அவருடைய முகத்தையும் மாவு விடும் கையையும் மாறி மாறிப் பாருங்கள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள். வெளிச்சம் தூக்கியதும் தோலில் ஆரஞ்சு ஏறுவது வழக்கம்; ஆரஞ்சின் செறிவை மட்டும் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தால் சரியாகும்.

நிறம், நாய்ஸ், கூர்மை

நிறத்தைக் கூட்டுவது இவ்வளவுக்கும் பிறகு. கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி மாடியூலில் வைப்ரன்ஸை 10 முதல் 15 சதவீதம் வரை கூட்டிப் பாருங்கள். மங்கிய நிறத்தைத்தான் அது அதிகம் தூக்கும், ஏற்கெனவே அடர்ந்திருக்கும் பூசணிப்பூவை அவ்வளவாகத் தொடாது. சாச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும், முதலில் கெடுவது பூதான். ஓ விசையை அழுத்தினால் வழிந்த இடங்கள் வண்ணத்தில் காட்டப்படும். பூவின் மேல் அந்த வண்ணம் படர்ந்தால் பின்வாங்குங்கள்.

நாய்ஸில் இரண்டு வகை. சிவப்பும் பச்சையுமாகத் தூவினாற்போல் தெரிவது நிற நாய்ஸ், அதைத் தயங்காமல் நீக்கலாம். மணல் மாதிரி ஒரே நிறத்தில் தெரிவது வெளிச்ச நாய்ஸ், அதைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட் மாடியூல் உங்கள் கேமராவையும் ஐஎஸ்ஓவையும் பார்த்துத் தானே அளவைத் தீர்மானிக்கும். அது போட்டுத் தந்ததும் நூறு சதவீதத்தில் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். மாவு விழுந்த கோட்டுக்கு ஓரத்தில் சிதறிய துகள்கள் உண்டு. விரலிடுக்கில் மாவு சற்று நின்று விழுந்த இடம் தடித்தும், கை வேகமாகப் போன இடம் மெலிந்தும் இருக்கும். அந்தத் துகள் காணாமல் போய்க் கோடு பெயின்டால் வரைந்தது போல் வழவழவென்று ஆகியிருந்தால் ஸ்ட்ரெங்த்தைப் பாதிக்குக் குறையுங்கள். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியவர் வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் வேறுபாடே அந்தத் துகள்தான்.

கூர்மைக்கு டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாடியூலில் லென்ஸ் டீப்ளர் என்ற ஆயத்த அமைப்பு போதும். பழைய லேப்டாப்பில் இது இழுக்கும். கடைசியாகப் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ப்ரீசெட் (ஆயத்தத் திருத்தத் தொகுப்பு) பற்றி இரண்டு வரி. காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது வேறொருவரின் படத்துக்கு, வேறொரு வெளிச்சத்துக்குப் போட்ட கணக்கு. எக்ஸ்போஷரும் வைட் பேலன்ஸும் சரிசெய்யாத படத்தின் மேல் போட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாகக் கெடும். அளவெடுக்காமல் வாங்கிய தைத்த சட்டை.

மறுநாள் காலை

முடித்தது என்று நினைத்ததும் மூடிவிடுங்கள். ஒரே நிறத்தை அரை மணி நேரம் பார்த்தால் கண் அதையே இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் இரவு பதினோரு மணிக்கு அருமையாக இருந்த படம் காலையில் கத்துகிறது. மறுநாள் திறந்து, ஸ்நாப்ஷாட் வசதியில் முதல் நிலையையும் இப்போதைய நிலையையும் பாதிப் பாதியாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கான்ட்ராஸ்ட்டிலும் நிறத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கத் தோன்றும். குறையுங்கள்.

நீங்கள் செய்த திருத்தம் எதுவும் ரா ஃபைலுக்குள் போகாது. பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்றில் குறிப்பாக இருக்கும். ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும் வேலையையும் டார்க்டேபிளுக்குள்ளேயே செய்யுங்கள். வெளியே விண்டோஸ் வழியாக நகர்த்தினால் படம் எங்கே போனது என்று அதற்குத் தெரியாமல் வெறும் மண்டையோட்டுச் சின்னத்தைக் காட்டும்.

வெளியே அனுப்புதல்

எக்ஸ்போர்ட்டில் ஜேபெக், தரம் 92 அளவில், நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி. திரையில் பார்ப்பதற்கு நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் அதைப் புரிந்துகொள்ளாத திரையில் நிறம் சோர்ந்து தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எக்ஸ்போர்ட் அமைப்பில் ஜியோ டேக்ஸ் என்பதை எடுத்துவிடுங்கள். வாசல் என்பது ஒருவர் வீட்டு முகவரி. போனில் எடுத்த படங்களில் அந்த இடம் அட்சரேகையோடு பதிவாகியிருக்கலாம்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். 8க்கு 12 அங்குலம் என்றால் 2400க்கு 3600 பிக்சல். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 என்பதால் 12க்கு 18 வரை தாராளமாகப் போகலாம்.

அச்சு திரையைவிட எப்போதும் சற்று இருட்டாகவே வரும், திரைக்குப் பின்னால் விளக்கு உண்டு, காகிதத்துக்குப் பின்னால் இல்லை. அச்சுக்கென்று ஒரு பிரதி எடுத்து அதில் மட்டும் எக்ஸ்போஷரை 0.3 கூட்டுங்கள். முதலில் 4க்கு 6இல் ஒன்று போட்டுப் பாருங்கள், கொஞ்சம் காசில் பெரிய அச்சு வீணாவது தப்பும். லேபில் கொடுக்கும்போது ‘கரெக்‌ஷன் போடாம அப்படியே போடுங்க’ என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் இருட்டுப் படம் வந்திருக்கிறது என்று மெஷினோ ஆபரேட்டரோ வெளிச்சத்தைக் கூட்டி, நீங்கள் இரண்டு நாள் காத்துவைத்த விடியற்காலையைப் பகலாக்கித் தருவார்கள். கோலத்துக்கு மேட் காகிதம் எடுப்பாக இருக்கும். ஈரத் தரையின் மினுமினுப்பும் மாவின் சொரசொரப்பும் க்ளாஸியில் போட்டிபோட்டுக்கொள்ளும்.

இரண்டு பிரதி போடுங்கள், ஒன்று அந்த வாசலுக்கு உரியது. பின்பக்கம் தேதி எழுதப் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். மெல்லிய மார்க்கரால் எழுதி, மை நன்றாகக் காய்ந்தபிறகு கவரில் போடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் தேதி பதிந்துவிடும்.